ஹீட்டரைத் திருகாணியாக்குவது எப்படி: விண்வெளித் தொலைநோக்கியின் குவியத்தை வெப்பத்தால் பிடித்துவைக்கும் முழு வழிகாட்டி

மொட்டை மாடியில் அலுமினியக் குழாய்த் தொலைநோக்கியை வைத்துச் சனிக் கோளைப் பார்த்திருக்கிறீர்களா? ஏழு மணிக்கு வளையம் கத்திமுனை மாதிரி தெரியும்படி திருகி வைத்திருப்போம். சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு வந்தால் வளையம் மசமசவென்று இருக்கும். யாரும் தொடவில்லை. இரவு குளிர்ந்தது, குழாய் சுருங்கியது, அவ்வளவுதான். திருகாணியைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும்.

விண்வெளியில் திருப்புவதற்குக் கை இல்லை. மோட்டார் வைக்கலாம். ஆனால் நகரும் பாகம் எதுவும் ஒருநாள் சிக்கிக்கொள்ளும், அதைப் போய்ப் பழுது பார்க்க முடியாது. அதனால் சில பொறியாளர்கள் வேறு வழி பிடித்தார்கள். குவியத்தை, அதாவது பிம்பம் தெளிவாக விழும் இடத்தை, கெடுப்பது வெப்பம்தானே, அதையே திருகாணியாக்கினால் என்ன?

இதற்கு நல்ல உதாரணம் எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்கலம். ஐரோப்பிய விண்வெளி முகமை 1999 டிசம்பர் 10 அன்று ஏவியது. எக்ஸ் கதிரைப் பார்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. கூடவே அதே இடத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் புறஊதாவிலும் பார்க்க, 30 செ.மீ. விட்டமுள்ள ஆப்டிகல் மானிட்டர் என்ற சிறு தொலைநோக்கியும் அதில் இருக்கிறது. 2004 நவம்பர் 20 அன்று கிளம்பிய நாசாவின் ஸ்விஃப்ட் கலத்தில் உள்ள புறஊதாத் தொலைநோக்கியும் இதே வடிவமைப்பில் பிறந்ததுதான். இரண்டிலும் குவியத்தை நுணுக்கமாகத் திருத்துவது ஹீட்டர்கள். இந்த வழிகாட்டி பெரும்பாலும் ஆப்டிகல் மானிட்டரை வைத்தே நடக்கும். ஹப்பிள், கெப்ளர், ஜேம்ஸ் வெப் ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகள் தேவைப்படும் இடங்களில் வந்துபோகும்.

படி 1: எத்தனை மைக்ரான் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள்

முதலில் ஹீட்டரைத் தொடவேண்டாம், காகிதத்தை எடுங்கள். இந்தத் தொலைநோக்கிகளில் பெரிய முதன்மை ஆடி ஒன்று, அதற்கு எதிரே சிறிய துணை ஆடி ஒன்று. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் எல்லாம். அது மாறினால் பிம்பம் விழும் இடம் மாறும். எவ்வளவு மாறும் என்பதில்தான் வயிற்றைக் கலக்கும் விஷயம் இருக்கிறது.

ஆப்டிகல் மானிட்டரின் முதன்மை ஆடிக்குக் குவிய விகிதம் (குவியத் தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்தால் வரும் எண்) 2. துணை ஆடியில் பட்டுத் திரும்பிய பிறகு மொத்தத் தொலைநோக்கிக்கு 12.7. அதாவது துணை ஆடி 6.35 மடங்கு பெரிதாக்குகிறது. அந்த எண்ணை வர்க்கப்படுத்தி ஒன்றைக் கூட்டுங்கள்: சுமார் 41. துணை ஆடி 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகர்ந்தால் பிம்பம் 41 மைக்ரான் ஓடிப்போகும் என்று பொருள்.

இப்போது துணை ஆடி 10 மைக்ரான் தவறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிம்பம் 0.4 மில்லிமீட்டர் தள்ளி விழும். அதை 12.7 ஆல் வகுத்தால், புள்ளியாக விழவேண்டிய விண்மீன் ஏறக்குறைய 32 மைக்ரான் வட்டமாக விரிந்திருக்கும். 3.8 மீட்டர் குவியத் தூரத்துக்கு வானத்தில் அது 1.8 ஆர்க் வினாடி (ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஆர்க் வினாடி). இந்தக் கருவியின் ஒரு பிக்சல் சுமார் 0.5 ஆர்க் வினாடிதான், ஆகவே 10 மைக்ரான் தாங்காது. 2 மைக்ரானுக்குப் போட்டுப் பாருங்கள், 0.35 ஆர்க் வினாடி வரும். பிக்சலுக்குள் அடங்கிவிடும். ஆடிகளின் இடைவெளியை 2 மைக்ரானுக்குள் வைத்திருக்கவேண்டும் என்று இதன் வடிவமைப்பாளர்கள் முடிவுசெய்ததும் இதோடு ஒத்துப்போகிறது. தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் இருக்கும், அதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஹப்பிளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே துணை ஆடி 1 மைக்ரான் நகர்ந்தால் பிம்பம் 110 மைக்ரான் ஓடும்.

படி 2: எதனால் கட்டுவது

அரை மீட்டர் நீளத் தண்டு ஒன்று ஆடிகளைப் பிரித்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலுமினியமாக இருந்தால் 1 டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கு 11.5 மைக்ரான் நீளும். ஒரே டிகிரியில் கதை முடிந்தது. அதே தண்டு இன்வாராக இருந்தால் சுமார் 0.6 மைக்ரான்தான் நீளும்.

இன்வார் என்பது ஏறக்குறைய 64 பங்கு இரும்பும் 36 பங்கு நிக்கலும் கலந்த உலோகம். 1896-இல் இதைக் கண்டறிந்த சார்ல்ஸ் எதுவார் கியோமுக்கு 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. சூட்டுக்கு அசையாத உலோகத்துக்காக நோபலா என்று தோன்றும். துல்லிய அளவீட்டையே வாழ்க்கையாகக் கொண்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று இந்த வேலையில் இறங்கினால் புரியும். ஆப்டிகல் மானிட்டரின் ஆடிகளைப் பிடித்திருப்பது இந்த இன்வார் தண்டுகள்தான்.

வேறு வழிகளும் உண்டு. ஹப்பிளில் கார்பன் ஃபைபர்ச் சட்டகம். அதற்கென்று ஒரு தொல்லை இருக்கிறது, படி 6-இல் சொல்கிறேன். எனக்குப் பிடித்தது நியூ ஹொரைசன்ஸ் கலத்தின் லோரி கேமரா. ஆடிகளும் அவற்றைத் தாங்கும் சட்டகமும் ஒரே சிலிக்கான் கார்பைடு. குளிர்ந்தால் எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்கும், புகைப்படத்தைச் சிறிய அளவில் பிரதி எடுத்தது மாதிரி. வடிவம் மாறாததால் குவியமும் மாறாது. குவியத்தைத் திருத்தும் பொறிமுறையே இல்லாமல் 2015 ஜூலையில் புளூட்டோவைப் பளிச்சென்று படம் எடுத்தது.

படி 3: எந்த வெப்பநிலையில் நிறுத்துவது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். விண்வெளித் தொலைநோக்கி என்றாலே கடுங்குளிரில் இருக்கவேண்டும் என்று நினைப்பு. குளிரோ சூடோ குவியத்துக்குக் கவலையில்லை. மாறாமல் இருந்தால் போதும்.

எளிய விதி: எந்த வெப்பநிலையில் ஆடியைத் தேய்த்து மெருகேற்றினார்களோ, அதிலேயே ஓட்டுங்கள். ஹப்பிளின் 2.4 மீட்டர் ஆடி அறை வெப்பத்தில் தேய்க்கப்பட்டது, அதனால் மேலேயும் ஹீட்டர் போட்டு 21 டிகிரி வாக்கில் வைத்திருக்கிறார்கள். சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் ஆடிகளுக்கும் அப்படித்தான்.

அகச்சிவப்பில் பார்ப்பதானால் இந்த விதி உதவாது, ஏனென்றால் 21 டிகிரியில் ஆடியே ஒளிரும். வெப் தொலைநோக்கியின் 18 பெரிலியத் துண்டுகள் சுழியத்துக்குக் கீழே 220 டிகிரிக்கும் கூடுதலான குளிரில் வேலை செய்கின்றன. அறை வெப்பத்தில் தேய்த்த துண்டு அந்தக் குளிரில் கோணிக்கொள்ளும். என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு துண்டையும் அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் உள்ள குளிர்க் கூடத்தில் உறையவைத்து, எங்கே மேடு எங்கே பள்ளம் என்று அளந்தார்கள். பிறகு அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் கோணலுக்கு நேர் எதிரான கோணலை வேண்டுமென்றே தேய்த்து வைத்தார்கள். அறையில் இருக்கும்போது தவறான வடிவம், குளிர்ந்ததும் சரியான வடிவம். பெரிலியம் அறை வெப்பத்தில் நன்றாகவே விரியக்கூடியது. ஆனால் அந்த ஆழ்குளிரில் அதன் விரிவு ஏறக்குறைய நின்றுபோகிறது. பொருளையும் வெப்பநிலையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று. ஹீட்டரை நம்புவதாக இருந்தால், கருவி தானாகப் போய் நிற்கும் வெப்பநிலையைவிடக் கொஞ்சம் மேலே இலக்கை வையுங்கள். ஹீட்டரால் சூடாக்க மட்டும்தான் முடியும், குளிரவைக்க முடியாது. மேலே வைத்தால், சூட்டைக் குறைக்கவேண்டிய நேரத்தில் ஹீட்டரின் மின்சாரத்தைக் குறைத்தால் போதும்.

படி 4: போர்வையும் நிழலும்

வெற்றிடத்தில் காற்று இல்லை, வெப்பம் கதிர்வீச்சாகவும் தொட்டுக்கொண்டிருக்கும் பாகங்கள் வழியாகவும்தான் போய்வரும். அதனால் அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை, ஒன்றோடொன்று ஒட்டாதபடி இடையில் வலை வைத்துப் பல அடுக்காகச் சுற்றுகிறார்கள். ஆடியைத் தாங்கும் கால்களில் வெப்பம் எளிதில் கடத்தாத பொருளை வைக்கிறார்கள்.

போர்வையைவிட முக்கியம், சுற்றுப்பாதை. ஹப்பிள் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் வெயிலும் நிழலும் மாறி மாறி. எத்தனை போர்வை போர்த்தினாலும் அதன் துணை ஆடி ஒவ்வொரு சுற்றிலும் சில மைக்ரான் முன்னும் பின்னும் போய்வரும். இதை அவர்கள் மூச்சுவிடுதல் என்றே அழைக்கிறார்கள். பொருத்தமான பெயர். எக்ஸ்எம்எம்-நியூட்டன் 48 மணி நேர நீள்வட்டத்தில் பெரும்பகுதி நேரம் பூமியைவிட்டுத் தள்ளியே இருப்பதால் இந்த மூச்சுத் தொல்லை குறைவு. வெப் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய், டென்னிஸ் மைதான அளவுள்ள ஐந்தடுக்குக் குடையின் நிழலில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது.

படி 5: ஹீட்டரும் தெர்மிஸ்டரும்

வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கவனியுங்கள். சூடு குறைந்தால் டிக் என்று விளக்கு எரியும், ஏறியதும் டிக் என்று அணையும். இரண்டு டிக்குகளுக்கும் இடையே துணியின் சூடு ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். துணிக்கு அது போதும், தொலைநோக்கிக்குப் போதாது.

கெப்ளர் இதை நேரிலேயே அனுபவித்தது. 2009 மார்ச்சில் ஏவிய அந்தத் தொலைநோக்கி விண்மீன்களின் ஒளியை அளந்து, குறுக்கே கோள் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. பூமி அளவுள்ள கோள் சூரியன் மாதிரியான விண்மீனின் முன்னால் போனால் ஒளி பத்து லட்சத்தில் 84 பங்குதான் குறையும், அதுவும் சில மணி நேரத்துக்கு. இந்த நிலையில், விண்மீன்களின் உருவமே மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பெருத்தும் சிறுத்தும் வந்தது தரவில் தெரிந்தது. தேடிப் பார்த்தால் குற்றவாளி ஆடியின் பக்கத்திலேயே இல்லை. கலத்தைத் திருப்பும் சக்கரங்களின் உறையில் இருந்த ஹீட்டர்தான் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. அதனால் குவியம் ஏறக்குறைய 1 மைக்ரான் ஆடியது. பிறகு ஹீட்டரின் அமைப்பை மாற்றித் தொல்லையைக் குறைத்தார்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. எரியும் அளவுக்கும் அணையும் அளவுக்கும் உள்ள இடைவெளியைக் குறுக்குங்கள். முடிந்தால் ஹீட்டரை முழுதாக அணைக்காமல் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்து ஓட்டுங்கள். மூன்றாவது, பட்டியல் போடும்போது தொலைநோக்கியின் ஹீட்டரை மட்டும் எழுதாதீர்கள், கலத்தில் உள்ள அத்தனை ஹீட்டரையும் எழுதுங்கள்.

வெப்பநிலையை அளக்கும் தெர்மிஸ்டர்களை எங்கே ஒட்டுவது? ஒரே இடத்தில் நான்கை ஒட்டுவதைவிட ஒவ்வொரு தண்டிலும் ஒன்று வைப்பது மேல். எல்லாத் தண்டும் சேர்ந்து ஒரு டிகிரி ஏறினால் குவியம்தான் விலகும். ஒரு தண்டு மட்டும் ஏறினால் துணை ஆடி சாய்ந்துவிடும், விண்மீனுக்கு வால் முளைத்துவிடும். அந்த வாலைக் குவியத்தைத் திருத்திப் போக்க முடியாது.

ஆப்டிகல் மானிட்டரில் ஒரு சிக்கனமான யோசனை இருக்கிறது. ஒளியைப் பதிவுசெய்யும் டிடெக்டரும் மின்னணுப் பெட்டியும் வேலை செய்யும்போது வீணாகும் வெப்பத்தை, தொலைநோக்கியைச் சுற்றியுள்ள வெப்பக் குழாய்கள் வழியாக ஒளிமறைப்புக் குழாய்க்குக் கொண்டுபோய், அங்கிருந்து விண்வெளிக்கு விடுகிறார்கள். எப்படியும் வெளியே கொட்டவேண்டிய சூடு, அதைப் போகிற வழியிலேயே தொலைநோக்கி முழுவதையும் ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

படி 6: ஈரத்தை மறக்காதீர்கள்

கார்பன் ஃபைபரில் உள்ள பிசின், தரையில் இருக்கும்போது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி லேசாக உப்பியிருக்கும். வெற்றிடத்துக்குப் போனதும் அந்த ஈரம் வெளியேறும், சட்டகம் சுருங்கும். ஏவியதிலிருந்து ஹப்பிளின் ஆடிகளுக்கு இடையே உள்ள தூரம் இப்படியே 150 மைக்ரானுக்கு மேல் குறைந்திருக்கிறது. அவ்வப்போது துணை ஆடியைப் பின்னால் நகர்த்தி ஈடுகட்டுகிறார்கள், அதற்கு மோட்டார் இருப்பதால் பிழைத்தார்கள். ஹீட்டரை மட்டும் நம்பும் கருவிக்கு 150 மைக்ரான் எட்டவே எட்டாது. ஆகவே கார்பன் ஃபைபர் வைத்தால் ஏவுவதற்கு முன்பே வெற்றிடத்தில் சூடாக்கி உலர்த்துங்கள், அல்லது சுருக்கத்தைக் கணித்து முன்கூட்டியே விட்டுக்கொடுத்து அமைத்துக்கொள்ளுங்கள். இன்வாருக்கு இந்த வம்பு இல்லை.

படி 7: தரையில் சோதனை

வெற்றிடக் கூடத்தில் வைத்து, சூடான நிலை, குளிர்ந்த நிலை இரண்டிலும் குவியத்தை அளந்து, ஒரு டிகிரிக்கு எத்தனை மைக்ரான் என்ற எண்ணைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் வந்த எண்ணும் அளந்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் அளந்ததை நம்புங்கள். இதில் வேறு சூட்சுமம் இல்லை.

படி 8: ஏவிய பிறகு குவியத்தை அளப்பது

முதல் சில வாரங்கள் எதையும் திருத்தவேண்டாம். கருவி நிலைப்படட்டும். அப்புறம் விண்மீன்கள் நெருக்கமாக உள்ள வானப் பகுதி (வயல்) ஒன்றைத் தேர்ந்து, படம் எடுத்து, விண்மீனின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ஒற்றை விண்மீனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடுவில் உள்ளவை, மூலையில் உள்ளவை எல்லாவற்றையும் பாருங்கள்.

அகலம் கூடியிருக்கிறது என்றால் உடனே குவியத்தின் மேல் பழி போடவும் கூடாது. ஆப்டிகல் மானிட்டரில் புறஊதா வடிகட்டிகளைப் போட்டால் விண்மீன் சற்றுப் பெரிதாகவே தெரியும். அது டிடெக்டரின் குணம், ஆடிகளின் குற்றம் இல்லை. அதைத் திருத்தப் போய் நல்ல குவியத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே வடிகட்டி, ஒரே மாதிரியான பிரகாசம், வெவ்வேறு நாட்கள்: இப்படி ஒப்பிட்டால்தான் பேச்சு.

படி 9: ஹீட்டரைத் திருப்புவது

இதுதான் மையமான வேலை. இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டால் வீட்டில் என்ன செய்வோம்? வெளி டம்ளரை வெந்நீரில் வைப்போம், உள் டம்ளரில் குளிர்ந்த நீர் ஊற்றுவோம். எதை விரிக்கவேண்டுமோ அதற்கு மட்டும் சூடு. இங்கேயும் சூத்திரம் அதுவே.

ஆப்டிகல் மானிட்டரில் தரையிலிருந்து கட்டளையிடக்கூடிய ஹீட்டர்கள் இரண்டு தொகுதி. முதல் தொகுதி, ஆடிகளைப் பிரிக்கும் முன்பக்க இன்வார் தண்டுகளின் மேல். அதைப் போட்டால் தண்டு நீளும், ஆடிகள் விலகும். இரண்டாவது தொகுதி, துணை ஆடியைத் தாங்கும் அமைப்பின் மேல். அதைப் போட்டால் துணை ஆடி முதன்மை ஆடியை நோக்கி வரும். ஹீட்டர் தள்ள மட்டுமே தெரிந்த ஆள். அதனால் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு ஆள் வைத்திருக்கிறார்கள். மொத்த வீச்சு இருபுறமும் 10 மைக்ரான்.

குறைவாகத் தோன்றுகிறதா? படி 1-இன் கணக்கை நினைத்துப் பாருங்கள், 10 மைக்ரான் என்பது பிம்பத்தில் 0.4 மில்லிமீட்டர். திருத்தத்துக்குத் தாராளம். அதைவிட அழகு இதன் நுணுக்கம். அரை மீட்டர் இன்வார்த் தண்டுக்கு 1 டிகிரி என்றால் 0.6 மைக்ரான். அரை டிகிரி ஏற்றினால் 0.3. இவ்வளவு மெல்லத் திரும்பும் திருகாணியைக் கடைசலில் கடைந்து எடுப்பது லேசு இல்லை, தேய்மானம், பல் இடைவெளி எல்லாம் வந்து சேரும். ஹீட்டருக்குப் பல்லும் இல்லை, எண்ணெயும் வேண்டாம். இன்வாரைத் தேர்ந்ததால் கிடைத்த இரண்டாவது லாபம் இது. அலுமினியத்தில் இதே வித்தையைச் செய்தால் ஒரே டிகிரியில் முழு வீச்சையும் தாண்டிப் போய்விடும்.

செய்முறை: ஒரு தொகுதியைக் குறைந்த அளவில் போடுங்கள். காத்திருங்கள். அவசரக்காரர்கள் தோற்கும் இடம் இது. வெற்றிடத்தில் சூடு பரவ மணிக்கணக்கில் ஆகும். தெர்மிஸ்டரின் எண் நின்றுவிட்டது என்பதற்காகத் தண்டு முழுக்க ஒரே சூடாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. எண்கள் அசையாமல் நின்றதும், அதே வயலை மறுபடி படம் எடுங்கள். அடுத்த அளவு, மறுபடி காத்திருப்பு, மறுபடி படம். பிறகு அடுத்த தொகுதிக்கு மாறி எதிர்ப்பக்கமும் இதையே செய்யுங்கள். ஐந்தாறு புள்ளிகள் சேர்ந்ததும் விண்மீனின் அகலத்தை வரைபடத்தில் போட்டால் கிண்ணம் மாதிரி வளைவு வரும். கிண்ணத்தின் அடிதான் நீங்கள் தேடும் இடம். எடுத்த படங்களில் எது அழகாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வளைவின் அடியைத் தேர்ந்தெடுங்கள். தனிப் படத்தில் கலத்தின் நடுக்கமும் கலந்திருக்கும்.

இரண்டு தொகுதிகளையும் ஒரே நேரத்தில் போடவேண்டாம். ஒன்று தள்ள, இன்னொன்று இழுக்க, மின்சாரம்தான் வீண்.

வெப் இந்த வழியில் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அங்கே 132 நுண் நகர்த்திகள் இருக்கின்றன, இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆடிகளை அளந்து, தேவைப்பட்டால் மட்டும் நகர்த்துகிறார்கள். 6.5 மீட்டர் ஆடிக்கு அது சரி. 30 செ.மீ. கருவிக்கு அத்தனை மோட்டார் என்பது எலி பிடிக்க யானை கட்டுவது.

படி 10: வயதாகும்போது

குவியத்தைக் கெடுக்காத கோணத்தில் மட்டும் கலத்தைத் திருப்புங்கள். எக்ஸ்எம்எம்-நியூட்டன் பார்க்கும் திசைக்கும் சூரியனுக்கும் இடையே எப்போதும் 70 முதல் 110 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்று விதி. வானத்தின் பெரும்பகுதி அந்த நேரத்துக்குக் கிடைக்காமல் போகும், ஆனால் வெயில் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் படும்.

போர்வைகள் ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டு வெடிக்கும், நிறம் மாறும், முன்பைவிடச் சூட்டை அதிகம் வாங்கும். ஹப்பிளுக்கு விண்வெளி வீரர்கள் போய் மேலே புதுத் தாள் ஒட்டினார்கள், கடைசியாக 2009-இல். மற்றவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஹீட்டர் எவ்வளவு நேரம் எரிகிறது என்ற கணக்கை மாதாமாதம் எழுதி வாருங்கள். அது குறைந்துகொண்டே வந்தால், போர்வை சூட்டை வாங்கத் தொடங்கிவிட்டது. பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் அதன்பிறகு வெப்பநிலை உங்கள் பிடியில் இல்லை. அதற்கு முன்பே இலக்கைச் சற்று உயர்த்திவிட்டு, படி 9-ஐ முதலிலிருந்து செய்யவேண்டும்.

குளிரில் ஓடும் தொலைநோக்கியானால் பனி படியும். 2023 ஜூலையில் கிளம்பிய யூக்ளிட் கலத்தில், போர்வையிலும் மற்ற பாகங்களிலும் ஒட்டியிருந்த நீராவி மெல்ல வெளியேறி ஆடியில் உறைந்து, ஒளி குறையத் தொடங்கியது. மொத்தக் கலத்தையும் சூடாக்கியிருந்தால் பனி போயிருக்கும், கூடவே ஆடிகளின் ஒழுங்கும் போயிருக்கும். அதனால் 2024 மார்ச்சில் ஒரேயொரு ஆடியை மட்டும் மைனஸ் 147 டிகிரியிலிருந்து மைனஸ் 113 டிகிரிக்கு ஏற்றினார்கள். வெறும் 34 டிகிரி. வந்துசேரும் ஒளி 15 சதவீதம் கூடியது. உங்களுக்கும் இந்த நிலை வந்தால் எந்த ஆடியில் பனி இருக்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள், அதை மட்டும் சூடாக்குங்கள், பழைய வெப்பநிலைக்கு இறங்கும்வரை காத்திருங்கள். இறங்கியதும் அதே பழைய வயல், அதே வடிகட்டி, ஒரு படம்.